கார் பாலிஷ் மெஷின்: பழுதாகாமல் காப்பதும் பழுது நீக்குவதும்



நம் பகுதியில் கார் வாஷ் நிலையங்களிலும் டிங்கரிங் பட்டறைகளிலும் பாலிஷ் வேலை செய்து குடும்பத்தைத் தாங்கும் பிள்ளைகள் பலர் இருக்கிறார்கள். சிலர் சொந்தமாக மெஷின் வாங்கி, வீடு வீடாகச் சென்று வேலை செய்கிறார்கள். வீட்டு நகையை விற்றோ, உறவினரிடம் கைமாற்று வாங்கியோ வாங்கிய மெஷின் அது. அது நின்றால் அன்றைய வருமானமும் நின்றுவிடும்.

அப்படி ஒரு தம்பி நம்மிடம் வந்தார். "பாய், மெஷின் போச்சு. புதுசுதான் வாங்கணும். ஏதாவது கடன் உதவி கிடைக்குமா?" என்று கேட்டார். தெரிந்த மெக்கானிக்கிடம் காட்டினோம். உள்ளே இருந்த இரண்டு கார்பன் பிரஷ்களும் தேய்ந்து முடிந்திருந்தன. அவற்றை மாற்றியதும் மெஷின் ஓடியது. செலவு சில நூறு ரூபாய்க்குள் முடிந்தது. கடனுக்கு அவசியமே இல்லாமல் போயிற்று.

இன்னொரு சகோதரருக்கும் இதே பழுதுதான். ஆனால் அவர் மெஷினுக்குள் தீப்பொறி பறப்பதைப் பார்த்தும், "ஓடும் வரை ஓடட்டும்" என்று இரண்டு வாரம் ஓட்டிவிட்டார். ஆர்மேச்சர் எரிந்துவிட்டது. மெஷின் விலையில் பாதி அளவு செலவானது.

பழுது ஒன்றுதான், கவனித்த நாள்தான் வேறு. பாலிஷ் மெஷின் பெரும்பாலும் திடீரென்று நிற்பதில்லை. சத்தம், வாடை, சூடு, அதிர்வு என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. அதைக் கேட்கப் பழகுவதே இந்தப் பாடம்.

முதலில் உங்கள் மெஷினைத் தெரிந்துகொள்ளுங்கள்

பாலிஷ் மெஷின்களில் இரண்டு வகை அதிகம் புழங்குகின்றன. ஒன்று ரோட்டரி. இதன் பேட் ஒரே மையத்தில் வட்டமாகச் சுற்றும். வேகம் பொதுவாக நிமிடத்துக்கு 600 முதல் 3,000 சுற்று வரை இருக்கும். மற்றது டூயல் ஆக்‌ஷன், சுருக்கமாக டி.ஏ. இதன் பேட் சுற்றிக்கொண்டே மையம் விலகியும் ஆடும். பெயிண்டில் சூடு குறைவாக ஏறுவதால் புதிதாகத் தொழில் கற்பவர்களுக்கு இதுவே பாதுகாப்பானது.

மூன்றாவதாக ஒரு தவறான வழக்கமும் உண்டு. இரும்பு அறுக்கும் ஆங்கிள் கிரைண்டரில் பாலிஷ் பேடை மாட்டி ஓட்டுவது. 5 இஞ்ச் கிரைண்டர் பலவற்றின் ஸ்பிண்டில் மரையும் ரோட்டரி பாலிஷ் மெஷினின் மரையும் ஒன்றே (எம் 14). அதனால் பேட் பொருந்திவிடும். ஆனால் கிரைண்டர் நிமிடத்துக்கு சுமார் 11,000 சுற்று ஓடும். அந்த வேகத்தில் பேட் கிழிந்து பறக்கும்; பெயிண்ட் நொடியில் எரியும். மரை பொருந்துகிறது என்பதற்காக வேலையும் பொருந்திவிடாது.

மெஷினைக் கெடுக்கும் ஆறு பழக்கங்கள்

1. அழுத்தித் தேய்ப்பது. கீறல் போகவில்லை என்றால் பலரும் மெஷினை அழுத்துகிறார்கள். பேட் மெதுவாகிறது, மோட்டார் திணறுகிறது, சூடு ஏறுகிறது. டி.ஏ. மெஷினில் அதிகமாக அழுத்தினால் பேட் சுற்றுவதையே நிறுத்திவிட்டு ஆட மட்டும் செய்யும். அந்தச் சூட்டில் பேடின் நடுப்பகுதி வெந்து, பேக்கிங் பிளேட்டின் வெல்க்ரோ உருகிவிடும். பிளேட்டின் ஓரத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டு வையுங்கள். கோடு சுற்றுவது தெரிந்தால் அழுத்தம் சரி. கோடு ஒரே இடத்தில் நின்றால் கையைத் தளர்த்துங்கள். கீறல் போகாவிட்டால் மாற்ற வேண்டியது காம்பவுண்டை அல்லது பேடை. கையின் பலத்தை அல்ல.

2. மெல்லிய எக்ஸ்டென்ஷன் ஒயர். 1,200 வாட் மெஷின் 230 வோல்ட்டில் சுமார் 5 ஆம்பியர் இழுக்கும். விளக்குக்கும் செல்போன் சார்ஜருக்கும் வாங்கிய மெல்லிய ஒயரை நீளமாக இழுத்து இதை மாட்டினால், மெஷினுக்குப் போய்ச் சேரும் வோல்டேஜ் குறையும். மோட்டாரின் வேகம் குறைந்தால் அதைக் குளிர்விக்கும் உள் விசிறியின் வேகமும் குறையும். வேலை நடக்கவில்லை என்று நாம் மேலும் அழுத்துவோம். காயில் எரிவதற்கு இதுவே போதும். குறைந்தது 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் போடுங்கள். தூரம் அதிகமானால் 2.5. ஒயரைச் சுருளாக வைத்தபடி ஓட்டாதீர்கள். சுருளுக்குள் சூடு தங்கி மேலுறை உருகும்.

3. ஓடும்போது ஸ்பிண்டில் லாக்கை அழுத்துவது. சீக்கிரம் நிற்கட்டும் என்று சுற்றும்போதே அந்தப் பொத்தானை அழுத்துகிறார்கள். உள்ளே லாக் பின் உடையும்; கியர் பல்லும் போகலாம். மெஷின் முழுவதும் நின்ற பிறகே லாக்கைத் தொடுங்கள்.

4. பேட் கீழே இருக்கும்படி மெஷினைத் தரையில் வைப்பது. மெஷினின் எடை முழுவதும் பேடின் மேல் விழுந்து அதை நசுக்கும். தரை மணலும் பேடில் ஒட்டும். அடுத்த காரின் பானெட்டில் அந்த மணல்தான் கீறும். பேட் மேலே பார்க்கும்படி மெஷினை மல்லாக்க வையுங்கள். உயரத்திலிருந்து கீழே விழுந்தால் ஸ்பிண்டில் வளையக்கூடும். பிறகு அதிர்வு நிற்காது.

5. டி.ஏ. மெஷினைப் பேட் இல்லாமல் ஓட்டுவது. அதற்குள் இருக்கும் எதிர் எடை, பேடின் எடையைக் கணக்கிட்டு வைக்கப்பட்டது. பேட் இல்லாவிட்டாலோ, கம்பெனி சொன்ன அளவுக்கு மாறான பேட் போட்டாலோ சமநிலை கெடும். அந்த அதிர்வு பியரிங்கைத் தின்றுவிடும். பேடை பெயிண்டின் மேல் வைத்த பிறகு ஸ்விட்ச் போடுங்கள். நின்ற பிறகு தூக்குங்கள்.

6. ஈரம். கழுவிய பேடை ஈரத்தோடு மாட்டினால் தண்ணீர் தெறித்து காற்றுத் துளை வழியாக மோட்டாருக்குள் போகும். வாட்டர் வாஷ் நடக்கும் ஈரத் தரையில் மெஷின் ஓட்டுவது உயிருக்கே ஆபத்து. வேலை செய்யும் இடத்து இணைப்பில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. கட்டாயம் இருக்கட்டும்.

தினமும் பத்து நிமிடம்

வேலை முடிந்ததும் பிளக்கைப் பிடுங்குங்கள். பேடைக் கழற்றுங்கள், சூட்டோடும் ஈரத்தோடும் பிளேட்டிலேயே விட்டால் வெல்க்ரோவின் பசை விட்டுப்போகும். மெஷினின் உடம்பை உலர்ந்த துணியால் துடையுங்கள். பெட்ரோலும் தின்னரும் வேண்டாம், பிளாஸ்டிக் வெடித்துவிடும். ஏர் கன் இருந்தால் காற்றுத் துளைகளில் மெதுவாக ஊதுங்கள். காம்பவுண்டு தூளும் கம்பளி நூலும் உள்ளே அடைந்திருக்கும். கண்ணாடியும் முகக்கவசமும் அணிந்துகொள்ளுங்கள்.

பேடைக் கழுவும் வேலை பெரும்பாலும் வீட்டுப் பெண்களிடம் வந்து சேர்கிறது. அவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். கொதிக்கும் நீர் வேண்டாம். வெதுவெதுப்பான நீரும் மென்மையான சோப்பும் போதும். முறுக்கிப் பிழியாமல் இரு கைகளுக்கு நடுவே அழுத்திப் பிழியுங்கள். நிழலில், நுரைப் பக்கம் கீழேயும் வெல்க்ரோ பக்கம் மேலேயும் இருக்கும்படி சுத்தமான துணியில் உலர்த்துங்கள். தண்ணீர் பசை இருக்கும் பக்கம் தேங்காது.

மெஷின் என்ன சொல்கிறது?

மெஷின் விட்டு விட்டு ஓடினால், அல்லது ஒயரை ஆட்டும்போது ஓடி மறுபடி நின்றால், கைப்பிடி ஓரத்தில் ஒயர் உள்ளே அறுந்திருக்கலாம். அதிகம் மடங்கும் இடம் அதுதான். வேலை செய்யும்போது ஒயரைத் தோளின் மேல் போட்டுக்கொண்டால் இந்தப் பழுதும் குறையும். சுற்றும் பேடில் ஒயர் மாட்டாது.

காற்றுத் துளை வழியே தீப்பொறி அதிகமாகத் தெரிந்தாலும், வேகம் குறைந்தாலும், மெஷின் நின்று நின்று ஓடினாலும் முதலில் கார்பன் பிரஷ்ஷைச் சந்தேகியுங்கள்.

கரகரவென்று அரைக்கும் சத்தம் வந்தாலோ, கைகள் மரத்துப்போகும் அளவுக்கு அதிர்ந்தாலோ பியரிங் அல்லது கியர் பழுது. டயலைத் திருப்பியும் வேகம் மாறாமல் ஒரே வேகத்தில் ஓடினால் ஸ்பீடு கன்ட்ரோல் பழுது. கருகல் வாடை வந்தால் அந்த நொடியே நிறுத்துங்கள். "இந்தக் கதவை மட்டும் முடித்துவிடுகிறேன்" என்று ஓட்டியவர்கள்தான் ஆர்மேச்சரைப் பறிகொடுத்தவர்கள்.

நாமே செய்யக்கூடிய பழுதுகள்

கார்பன் பிரஷ் மாற்றுவது: பிளக்கைப் பிடுங்கி உங்கள் கண்ணெதிரே வைத்துக்கொள்ளுங்கள். பல மெஷின்களில் மோட்டாரின் இரு பக்கமும் வட்ட மூடி இருக்கும். சிலவற்றில் பின் மூடியைத் திறக்க வேண்டும். மூடியின் வெட்டுக்குச் சரியான அகலமுள்ள ஸ்க்ரூ டிரைவரைப் பயன்படுத்துங்கள்; இல்லாவிட்டால் வெட்டு சிதைந்துவிடும். பிரஷ்ஷில் தேய்மானக் கோடு இருந்தால் அதுவரை தேய்ந்தவுடன் மாற்றுங்கள். கோடு இல்லாவிட்டால் 6 மில்லிமீட்டரை எட்டும்போது மாற்றுங்கள். ஒன்று மட்டும் தேய்ந்திருந்தாலும் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். அதே மாடலுக்குரிய பிரஷ் வாங்குங்கள். பெரிதாக இருப்பதை அரத்தால் ராவிப் போடக் கூடாது. புதிய பிரஷ் தன் கூட்டுக்குள் தடையின்றி ஏறி இறங்க வேண்டும். மூடியபின் பாரம் கொடுக்காமல் குறைந்த வேகத்தில் சில நிமிடங்கள் ஓட்டுங்கள். டி.ஏ. என்றால் பேட் மாட்டி ஓட்டுங்கள். முதலில் வரும் சிறு பொறி, பிரஷ் படிந்ததும் அடங்கும். அடங்காமல் வளையமாகத் தீப்பொறி சுற்றினால் ஆர்மேச்சரில் பழுது, மேலும் ஓட்டாதீர்கள்.

பேக்கிங் பிளேட் மாற்றுவது: வெல்க்ரோ பிடி தளர்ந்தால் பிளேட்டை மாற்றுவதே முறை. கடைப் பசை தடவி ஒட்டினால் எடை ஒரு பக்கமாகச் சாயும். சுற்றும்போது பேட் கழன்று முகத்தில் அடிக்கலாம். புதிய பிளேட்டின் மரையைத் துடைத்து, கையால் நேராக ஏற்றி, பிறகு இறுக்குங்கள்.

மெக்கானிக்கிடம் விடவேண்டியவை

கியர் பெட்டி, பியரிங், ஆர்மேச்சர், ஸ்பீடு கன்ட்ரோல் ஆகியவற்றை அனுபவமுள்ளவரிடம் விடுங்கள். கியருக்குக் கிரீஸ் குறைந்தாலும் கெடுதல், அளவுக்கு மேல் திணித்தாலும் கெடுதல். சூடு ஏறி மோட்டார் பக்கம் வழியும். ஒயர் மாற்றும்போது பழைய ஒயரில் மூன்று இழை இருந்ததா என்று பாருங்கள். இருந்தால் பச்சை நிற எர்த் இழையையும் உரிய இடத்தில் இணைத்தே ஆக வேண்டும். அதை வெட்டிவிட்டு இரண்டை மட்டும் இணைக்கும் வேலையை ஏற்காதீர்கள்.

செலவு புதிய மெஷினின் பாதி விலையைத் தாண்டினால், புதிது வாங்குவதா என்று குடும்பத்தோடு கலந்து முடிவெடுங்கள். புதிது வாங்கும் முன் கடையில் ஒரு கேள்வி கேளுங்கள்: "இதற்குக் கார்பன் பிரஷ்ஷும் பேக்கிங் பிளேட்டும் நம்ம ஊரில் கிடைக்குமா?" உதிரி பாகம் கிடைக்காத மலிவான மெஷின், முதல் பழுதிலேயே பழைய இரும்புக் கடைக்குப் போய்விடும்.

இறுதியாக ஒன்று. நம் கையில் ஒப்படைக்கப்பட்ட கார், அதன் உரிமையாளரின் அமானிதம். ஆடும் ஸ்பிண்டிலோடும் உருகிய பிளேட்டோடும் வேலை செய்தால் கெடுவது நம் மெஷின் மட்டுமல்ல, அவருடைய பெயிண்டும்தான். மெஷின் பழுது என்று தெரிந்தால் "நாளைக்கு வருகிறேன்" என்று சொல்லிவிடுவது நஷ்டமல்ல. அந்த நேர்மையே அடுத்த வேலையைக் கொண்டுவரும், இன்ஷா அல்லாஹ்.

இந்த வாரம் செய்ய வேண்டியவை: உங்கள் மெஷினின் பிரஷ்ஷைத் திறந்து அளந்து பாருங்கள். எக்ஸ்டென்ஷன் ஒயரின் கனத்தைப் பாருங்கள். ஒரு சோடி பிரஷ் வாங்கி மெஷின் பையிலேயே வைத்துவிடுங்கள். பிளேட்டில் மார்க்கர் கோடு போடுங்கள். பழுதாகிவிட்டது என்று மூலையில் கிடக்கும் மெஷின் வீட்டில் இருந்தால், விற்பதற்கு முன் ஒருமுறை திறந்து காட்டுங்கள். அந்தத் தம்பியின் மெஷினைப் போல அதற்கும் பிரஷ் மட்டுமே தேவைப்படலாம்.