வேருக்கு இடம் கொடுப்போம்

நுழையும்முன்

மரம் வெயிலில் நின்று நமக்கு நிழல் தருகிறது. அம்மரத்திற்கு நாம் என்ன தருகிறோம்? நாள்தோறும் நாம் கடந்து செல்லும் மும்பை மரங்களைப் பற்றி இப்பாடம் பேசுகிறது.

ஒரே ஊர், ஒரே வெயில்

சித்திரை மாத நண்பகல். தாராவியின் தொண்ணூறு அடிச் சாலையில் நடப்பவருக்குத் தலைக்கு மேலே வெயில், காலடியில் அனல். தகரக் கூரைகளும் சிமெண்டுச் சுவர்களும் பகலெல்லாம் வெப்பத்தை உள்வாங்குகின்றன. அதனால் பொழுது சாய்ந்த பின்னும் வீட்டினுள் புழுக்கம் தணிவதில்லை. சற்றுத் தொலைவிலுள்ள மாட்டுங்காவின் ஃபைவ் கார்டன்ஸ் பகுதிக்குள் நுழைந்தாலோ உடல் குளிர்கிறது. ஊரும் ஒன்றே; வெயிலும் ஒன்றே. வேறுபாட்டைச் செய்பவை மரங்களே.

மரம் இரு வழிகளில் வெப்பத்தைத் தணிக்கிறது. நிழலால் தரையைச் சூடாகாமல் காக்கிறது. வேர் உறிஞ்சிய நீரை இலைத்துளைகள் வழியே ஆவியாக வெளியிடுகிறது. நீர் ஆவியாகும்போது சுற்றியுள்ள வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இம்முறையிலேதான்.

விரைந்த வளர்ச்சி, விரைந்த முதுமை

மரம் நகரத்தைக் குளிர்விக்கிறது. வெப்பமான நகரம் மரத்தை என்ன செய்கிறது? செருமனியின் மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழக அறிஞர்கள் இதனை ஆராய்ந்து 2017ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். பெர்லின், பாரிசு, ஹனோய் உள்ளிட்ட 10 நகரங்களில் ஏறத்தாழ 1,400 மரங்களின் ஆண்டு வளையங்களை அவர்கள் அளந்தனர். 1960களுக்குப் பின் மரங்கள் முன்னைவிட விரைவாக வளர்ந்துள்ளன என்பது தெரியவந்தது.

இது நற்செய்தி போலத் தோன்றும். ஆனால் விரைந்து வளரும் மரம் விரைந்து முதுமையும் அடைகிறது. ஆகவே முன்னதாகவே அதற்கு மாற்றாக வேறு கன்றை நட வேண்டிவரும் என்று அவ்வறிஞர்கள் எச்சரித்தனர்.

மும்பை மரங்களின் இடர்

நம் நகர மரங்களுக்கு வெப்பத்தோடு வேறு இடர்களும் உண்டு. நடைபாதை அமைக்கும்போது மரத்தின் அடிவரை சிமெண்டு பூசப்படுகிறது. அவ்வாறு பூசினால் மழைநீர் வேருக்கு இறங்குவதில்லை. மண்ணுக்குள் காற்றும் புகுவதில்லை. குழாய் பதிக்கப் பள்ளம் தோண்டும்போது வேர்கள் அறுபடுகின்றன. பிடிப்பு இழந்த மரம் பெருமழையில் எளிதில் சாய்கிறது. 2021ஆம் ஆண்டு மே மாதம் வீசிய டவ்தே புயலின்போது மும்பையில் பல நூறு மரங்கள் வீழ்ந்தன.

மாலையில் இலைகளை மூடிக்கொள்ளும் தூங்குமூஞ்சி மரத்தை அறிவீர்கள். அண்மை ஆண்டுகளில் மும்பையில் இம்மரங்கள் பல மாவுப்பூச்சித் தாக்குதலால் பட்டுப்போயின. நலிந்த உடலை நோய் எளிதில் பற்றும். மரத்திற்கும் அஃது பொருந்தும்.

குப்பைமேடு காடானது

மண்ணும் காலமும் கொடுத்தால் மரம் எங்கும் தழைக்கும் என்பதற்குச் சான்று தாராவியை அடுத்தே உள்ளது. மித்தி ஆற்றங்கரையில் இன்று மகாராட்டிர இயற்கைப் பூங்கா அமைந்துள்ள 37 ஏக்கர் நிலம், முன்னர் நகரத்தின் குப்பை கொட்டும் இடமாக இருந்தது. 1983ஆம் ஆண்டில் பறவையியல் அறிஞர் சலீம் அலி அங்கு முதல் மரக்கன்றை நட்டார். 1994ஆம் ஆண்டில் பூங்கா மக்களுக்குத் திறக்கப்பட்டது. இடையில் கழிந்தவை 11 ஆண்டுகள். இன்று அங்குப் பறவைகளும் வண்ணத்துப்பூச்சிகளும் வாழ்கின்றன.

மாணவர்களே! கன்று நடுவது ஒரு நாள் வேலை. அது நிழல்தரும் மரமாவதற்குப் பல்லாண்டுகள் வேண்டும். ஒரு முதிய மரத்தை இழந்து பத்துக் கன்றுகளை நட்டாலும், அந்த நிழல் அடுத்த கோடையில் கிடைக்காது. ஆதலால் நடுவதோடு நில்லாமல், நிற்கும் மரத்தின் வேருக்கு இடம்விட்டுக் காப்போம்.

தெரிந்து தெளிவோம்

மகாராட்டிர மாநிலத்தில் நகர்ப்புற மரங்களைக் காப்பதற்கென 1975ஆம் ஆண்டு முதல் தனிச் சட்டம் உள்ளது. உரிய அனுமதியின்றி மரத்தை வெட்டுவது குற்றமாகும்.

சொல்லும் பொருளும்

அனல் – மிகுந்த வெப்பம்
இடர் – துன்பம்
நலிந்த – வலிமை குன்றிய
பட்டுப்போதல் – மரம் காய்ந்து உயிரிழத்தல்

பயிற்சி

1. மரம் வெப்பத்தைத் தணிக்கும் இரு வழிகள் யாவை?
2. மரம் விரைந்து வளர்வது முழுமையான நன்மை ஆகாது. ஏன்?
3. பிரித்து எழுதுக: பெருமழை, மரக்கன்று.
4. உம் தெருவில் அடிவரை சிமெண்டு பூசப்பட்ட மரம் ஒன்றைக் கண்டறிக. வேரைச் சுற்றி மண் விடுமாறு வேண்டி, மாநகராட்சி வார்டு அலுவலருக்குக் கடிதம் எழுதுக. (தாராவி – ஜி வடக்கு, மாட்டுங்கா – எஃப் வடக்கு, செம்பூர் – எம் மேற்கு)
5. உம் சொந்த ஊரில் உள்ள ஒரு மரத்தைப் பற்றித் தாத்தா பாட்டியிடம் கேட்டு ஐந்து தொடர்கள் எழுதுக.