நோயுற்ற கோழியை அறிதலும் பேணுதலும்

பாலக்காடு மாவட்டத்தின் கொழிஞ்சாம்பாறை, கோவிந்தாபுரம், மீனாட்சிபுரம் முதலிய எல்லைப்புற ஊர்களிலும், இடுக்கி மாவட்டத்தின் மறையூர், காந்தல்லூர், வட்டவடைப் பகுதிகளிலும் புழக்கடையில் நாலைந்து கோழிகள் மேயும் குடியானவர் வீடுகள் பல. இக்கோழிகள் குப்பைமேட்டையும் களத்தையும் கிளறித் தம் வயிற்றைப் பெரும்பாலும் தாமே நிரப்பிக்கொள்பவை. முட்டையும் சேவலும் விற்று வரும் சிறு தொகை வீட்டுப் பெண்களின் கையில் தங்குவது. பிள்ளைகளின் பள்ளிச் செலவு அதிலிருந்தே நடப்பதும் உண்டு. ஆகவே, காலையில் பஞ்சாரத்தைத் தூக்கும்போது ஒரு கோழி வெளிவராமல் ஒடுங்கி நிற்குமானால் அதனை அற்ப விஷயமாகக் கொள்ளுதல் கூடாது. நோய் அந்த ஒரு கோழியோடு நிற்கக்கூடியதா, அன்றி ஒரு வாரத்திற்குள் பஞ்சாரத்தையே காலிசெய்யக்கூடியதா என்பதே முதலில் ஆராய வேண்டிய கேள்வி. எந்த மருந்து கொடுப்பது என்ற கேள்வி அதற்குப் பின்னரே எழும்.

கோழி தன் நோயை மறைக்கும் இயல்புடையது. நலிந்ததைப் பிற கோழிகள் கொத்தி விரட்டுமாதலால், இயன்றவரை அது நலமுள்ளதுபோலவே நடமாடும். ஒடுங்கி நிற்கும் நிலை வெளிப்படும்போது நோய் பெரும்பாலும் முற்றியிருக்கும். இதனால் காலையில் தீனி தூவும் வேளையும், மாலையில் அடையும் வேளையும் உற்றுநோக்குவதற்கு உகந்தவை. தீனிக்கு ஓடிவராத கோழியும், மாலையில் தீனிப்பை வெறுமையாக உள்ள கோழியும் கவனத்திற்குரியவை. அடைக்குக் குறுகும் கோழியைச் சிலர் நோய்க்கோழி என்று மயங்குவர். அது இரை குறைத்து, இறகைச் சிலிர்த்து, ஓரிடத்திலேயே கிடக்கும். ஆயினும் கை நீட்டினால் சீறிக் கொத்தும். நோயுற்ற கோழிக்கு அவ்வேகம் இராது.

பின்னர் கோழியைக் கையிலெடுத்துச் சோதித்தல் வேண்டும். நெஞ்செலும்பின் இருபுறமும் தசை வற்றிக் கத்திமுனைபோல் துருத்தி நின்றால், அது நேற்று வந்த நோயன்று. குடற்புழுவோ வேறு நாட்பட்ட குறையோ இருத்தல் கூடும். கொண்டை வெளிறியிருப்பின் இறகடியிலும் எச்சத்துவாரத்தைச் சுற்றியும் பேனும் உண்ணியும் உள்ளனவா என்று பார்க்க வேண்டும். கொண்டை நீலம் பாய்ந்திருப்பின் மூச்சுத் தடையையும் கடும் நோயையும் ஐயுற வேண்டும். முதுகருகே காதை வைத்துக் கேட்டால் கரகரப்பு உண்டா என்பது விளங்கும்.

எச்சத்தைப் பார்ப்பதில்தான் தவறுகள் மிகுதி. நலமுள்ள கோழியின் எச்சம் பழுப்பாகவும் அதன்மேல் வெள்ளைத் தொப்பி வைத்தாற்போலவும் இருக்கும். அவ்வெள்ளை சிறுநீரின் பகுதி. அதனைக் கண்டு ‘வெள்ளைக் கழிச்சல்’ என்று அஞ்ச வேண்டுவதில்லை. இடையிடையே கரும்பழுப்பு நிறத்தில் குழம்புபோல் துர்நாற்றத்துடன் வருவதும் இயல்பானதே. பச்சை நிறக் கழிச்சலும் தனித்து எந்த நோயையும் நிச்சயிப்பதில்லை. எக்காரணத்தாலேனும் இரை எடுக்காத கோழி பித்தநீர் கலந்து பச்சையாகவே கழியும். இளங்குஞ்சுகளின் எச்சத்தில் இரத்தம் காணப்பட்டால் மட்டும் ஐயம் பெரிதும் குறைகிறது. அது பெரும்பாலும் இரத்தக் கழிச்சல். ஈரமான தரையில் பெருகும் நுண்ணுயிரால் வருவது. அதற்கு மருந்து உண்டு. எனினும் கூட்டின் ஈரத்தைப் போக்காமல் மருந்து மட்டும் கொடுத்தால் நோய் திரும்பவும் வரும்.

தனிக் கோழியோடு நிற்கும் நோய்கள் சில. நீண்ட புல்லோ நாரோ விழுங்கித் தீனிப்பை கல்போல் இறுகியிருந்தால், சில துளி நல்லெண்ணெய் கொடுத்து மெல்ல நீவிவிடலாம். முட்டை தடைப்பட்ட கோழி முக்கிக்கொண்டு நிமிர்ந்து நிற்கும். அதனை வெதுவெதுப்பான நீரில் வயிறு நனையுமாறு கால்மணி நேரம் நிறுத்துதல் பயன் தரும். உள்ளிருக்கும் முட்டையை உடைக்க முயலலாகாது. கொண்டையிலும் கண்ணோரத்திலும் கொப்புளமும் பொருக்கும் தோன்றும் அம்மை இவ்வகையைச் சேர்ந்ததன்று. கொசுக்களால் பரவும் அது கூட்டத்தையே பற்றும். ஆயினும் வாய்க்குள் புண் காணாதவரையில் பல கோழிகள் பிழைத்துக்கொள்ளும்.

யாவற்றினும் கொடியது இராணிக்கெட் நோய். எல்லையின் மேற்கே மலையாளம் பேசுவோர் இதனைக் ‘கோழிவசந்த’ என்பர். தமிழர் வெள்ளைக் கழிச்சல் என்பர். இரு சொல்லும் ஒரே நோயைக் குறிப்பன என்பதைக் களப்பணியாளர் நினைவிற் கொள்ளுதல் நன்று. 1926-இல் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசிலிலும் கண்டறியப்பட்ட இந்நோய், அடுத்த ஆண்டில் குமாவுன் மலையிலுள்ள இராணிக்கெட்டில் காணப்பட்டமையால் இந்நாட்டில் அப்பெயர் பெற்றது. தடுப்பு மருந்து தயாரிக்கும் நிலையம் அமைந்த இராணிப்பேட்டை வேறு ஊர். பெயரொற்றுமையால் இரண்டையும் குழப்புவோர் உளர். வைரஸ் உடலிற் புகுந்து பெரும்பாலும் ஐந்தாறு நாட்களில் குறிகள் தோன்றும். வாய் திறந்து மூச்சிழுத்தல், பச்சையும் வெள்ளையுமான நீர்க்கழிச்சல், இறக்கை தொங்கல், கால் முடங்கல், கழுத்து முறுக்கிக்கொள்ளுதல் ஆகியவை அக்குறிகள். சில வேளைகளில் யாதொரு குறியும் இன்றி இரண்டு மூன்று கோழிகள் விடியுமுன் இறந்து கிடப்பதே முதற்குறி. தடுப்பூசி பெறாத கூட்டத்தில் அநேகமாக அனைத்தும் மடிதல் உண்டு. இதனைத் தீர்க்கும் மருந்து இல்லை. கடையில் வாங்கும் நுண்ணுயிர்க்கொல்லி வைரஸைத் தீண்டாது.

இந்நிலையில்தான் வீட்டார் பெருந்தவறு செய்ய நேர்கிறது. செத்தொழியுமுன் விற்றுவிடலாம் என்று எஞ்சிய கோழிகளைச் சந்தைக்குக் கொண்டு செல்கின்றனர். நோய்க்கு எல்லைச் சாவடி கிடையாது. பொள்ளாச்சிச் சந்தைக்குச் செல்லும் ஒரு கூடை கோழி, இரு மாநிலங்களின் பல ஊர்ப் பஞ்சாரங்களுக்கு நோயைக் கொண்டு சேர்க்கக்கூடும். வறுமையால் செய்வது இது. ஆகையால் வீட்டாரைக் கடிந்து பயனில்லை. முதற்கோழி இறந்த அன்றே செய்தி வந்து சேருமாறு பழக்கம் ஏற்படுத்துவதே தக்கது. இதில் பள்ளி ஆசிரியரின் உதவி பெரிது. எந்த வீட்டில் கோழி செத்தது என்பதைப் பிள்ளைகள் மறைப்பதில்லை.

ஐயத்திற்குரிய கோழியை உடனே பிரித்து, உலர்ந்த சாக்கு விரித்த கூடையில், காற்றோட்டமுள்ள மறைவிடத்தில் வைத்தல் வேண்டும். வட்டவடை போன்ற குளிர்ந்த இடங்களில் இரவில் வெதுவெதுப்பு இன்றியமையாதது. ஆனால் அடுப்பங்கரைப் புகை மூச்சுத் திணறும் கோழிக்கு ஆகாது. சிறிது வெல்லமும் உப்பும் கலந்த நீர், நொய்க்கஞ்சி ஆகியவை போதும். மறையூரில் வெல்லத்திற்குப் பஞ்சமில்லை. கழுத்தைப் பின்னால் வளைத்து வாயில் கஷாயம் ஊற்றும் வழக்கத்தைக் கைவிட வேண்டும். மூச்சுக்குழலின் வாய் நாக்கின் அடியிலேயே திறந்திருப்பதால் மருந்து நுரையீரலுட் சென்று, நோய் கொல்லாத கோழியை அது கொல்லும். அலகின் ஓரத்தில் துளித்துளியாக விடுதல் நலம். நலமுள்ள கோழிகளை முதலிலும், நோயுற்றதைக் கடைசியிலும் கவனித்துக் கைகால் கழுவ வேண்டும். இறந்ததை ஓடையில் எறியாமல், சுண்ணாம்பிட்டு ஆழப் புதைக்க வேண்டும்.

காகமும் வாத்தும் சேர்ந்து மடியுமானால் பறவைக் காய்ச்சலை ஐயுற வேண்டும். கேரளத்தின் ஆலப்புழை, கோட்டயம் மாவட்டங்களில் 2014-இலும் 2021-இலும் அது தோன்றியது. அத்தகைய பறவையை வெறுங்கையால் தொடுதலும் அறுத்துப் பார்த்தலும் கூடாது. அருகிலுள்ள கால்நடை மருத்துவமனைக்கு, அதாவது அவ்வூரார் சொல்லும் மிருகாசுபத்திரிக்கு, உடனே அறிவிக்க வேண்டும்.

இராணிக்கெட்டைத் தடுப்பது தடுப்பு மருந்து ஒன்றே. குஞ்சுக்கு முதல் வாரத்தில் எஃப் அல்லது லசோட்டா மருந்து கண்ணிலோ மூக்கிலோ ஒரு துளி. எட்டாவது வாரத்தில் ஆர்2பி ஊசி, இறக்கையின் தோலடியில் அரை மில்லி லிட்டர். ஆர்2பி இளங்குஞ்சுக்கு ஆகாது. நோயுற்ற கோழிக்கும் ஊசி போடலாகாது. ஊசிக்கு ஒரு வாரம் முன் குடற்புழு நீக்கம் செய்தல் நலம். இதில் தடை அறியாமை மட்டுமன்று. ஒரு குப்பியில் நூறு கோழிக்கு மேற்பட்ட மருந்து இருக்க, வீட்டில் உள்ளவை எட்டுக் கோழிகள். குப்பியோ பனிக்கட்டியில் வைத்துக் கொண்டுவரப்படுவது. கரைத்த மருந்தை இரண்டு மணி நேரத்திற்குள் முடித்தாக வேண்டும். ஆதலால் ஊரிலுள்ள கோழிகளை முன்னரே எண்ணிக் கணக்கெடுத்து, நாள் குறித்து, கோழிகள் மேயப் புறப்படுமுன் விடியற்காலையில் பஞ்சாரம் பஞ்சாரமாகச் செல்லுதல் வேண்டும். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் உருவாக்கிய வாய்வழிக் குருணை மருந்து கிடைக்குமிடங்களில் இத்தொல்லை குறையும். ஊசி மருந்தில் மிஞ்சியதை அடுத்த ஊருக்கென்று எடுத்துவைக்காமல், குப்பியுடன் கொதிநீரில் இட்டு அழித்துவிட வேண்டும்.