ஆள் உணரும் விளக்கும் பகலொளி அறியும் விளக்கும்

பொதுக் கட்டிடத்தில் விளக்கை ஏற்றுவதற்குப் பலர் உண்டு. அணைப்பதற்கு எவரும் இலர். தம் வீட்டில் ஒற்றை விளக்கு வீணே எரிந்தாலும் எழுந்து சென்று அணைக்கும் அங்கத்தினர், சங்கத்தின் கிடங்கில் நான்கு குழல் விளக்குகள் பகல் முழுவதும் எரிவதைக் கண்டும் காணாதவர்போல் கடந்து செல்கின்றார். எல்லார்க்கும் உரியதை ஒருவர்க்கும் உரியதன்று என்று எண்ணும் பழக்கமே இதற்குக் காரணம். இதனால் ஏறும் மின்கட்டணமோ சங்கத்தின் செலவுக் கணக்கில் ஏறி, இறுதியில் நம் இலாபப் பங்கிலேயே குறைகின்றது.

இக்குறைக்கு மருந்தாகக் கடைகளில் ‘சென்சார்’ என்னும் பெயரில் உணர்கருவிகள் விற்கப்படுகின்றன. ஆள் வந்தால் விளக்கை ஏற்றி, ஆள் போனால் அணைப்பது ஒரு வகை. பகலொளி போதுமானபோது விளக்கை அணைப்பது அல்லது மங்கச் செய்வது மற்றொரு வகை. இவை பயனுடைய கருவிகளே. ஆயினும் வாங்கிப் பொருத்திய சில நாட்களுக்குள்ளேயே கருவியின் கண்ணில் காகிதம் ஒட்டப்படுவதும், அதனை விலக்கி மின்கம்பி நேரே இணைக்கப்படுவதும் உண்டு. வேலை செய்துகொண்டிருப்பவரின் தலைக்குமேல் விளக்கு அணைந்தால் அவர் வேறென்ன செய்வார்? ஆகவே கருவியை வாங்குவது பாதி வேலை. இடமறிந்து பொருத்தி, அளவறிந்து திருத்துவதே மறுபாதி. அம்மறுபாதியைப் பற்றியதே இப்பாடம்.

1. கருவி எதனை அறிகின்றது?

ஆள் உணர்கருவிகளுள் பெரிதும் வழங்குவது, உடல் வெப்பத்தை அறியும் வகை. நம் உடலிலிருந்து கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்புக் கதிர்கள் எப்போதும் வெளிப்படுகின்றன. கருவியின் முன்னுள்ள வெண்ணிற வில்லை, அறையைப் பல கூறுகளாகப் பிரித்துக் காண்கின்றது. ஒரு கூற்றிலிருந்து அடுத்த கூற்றுக்கு ஒருவர் நகரும்போது உண்டாகும் வெப்ப மாறுதலையே கருவி அறிகின்றது. எனவே அது அறிவது ஆளையன்று; ஆளின் அசைவையே. அசையாது அமர்ந்திருப்பவர் அக்கருவிக்கு இல்லாதவரே ஆவர்.

இதிலிருந்து சில உண்மைகள் பெறப்படும். கருவிக்குக் குறுக்கே நடப்பவரை அது எளிதில் அறியும். அதனை நோக்கி நேரே வருபவரைத் தாமதித்தே அறியும். கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் இருப்பவரை அறியாது. சித்திரை, வைகாசி மாதங்களில் கொட்டகையின் வெப்பம் உடலின் மேற்புற வெப்பத்தை நெருங்கும்போது, இரண்டிற்கும் வேறுபாடு குறைவதால் கருவியின் கூர்மையும் குறையும். காலைக் குளிர்ச்சியில் சோதித்துச் சரியென்று விட்ட கருவி, நண்பகலில் தவறுவது இதனாலேயே.

மைக்ரோவேவ் அலையை அனுப்பி, அது திரும்பி வருவதைக்கொண்டு அசைவை அறியும் கருவிகளும் உண்டு. இவை மிகக் கூர்மையானவை. ஆனால் மெல்லிய மரத்தடுப்பையும் கடந்து அப்பால் நடப்பவரை அறிந்துவிடும். சுழலும் மின்விசிறியையும் ஆள் என்றே கொள்ளக்கூடும். மின்விசிறி உள்ள அறைக்கு இவ்வகை ஏற்றதன்று.

இக்கருவிகள் தம்மைக் கண்காணிக்கப் பொருத்தப்பட்டவையோ என்று அங்கத்தினர் சிலர் ஐயுறலாம். நாம் மேற்கூறிய இரு வகைகளும் படம் எடுப்பதில்லை, பேச்சைக் கேட்பதில்லை, வந்தவர் இன்னார் என்றும் அறிவதில்லை. இதனைப் பொருத்துவதற்கு முன்னரே கூட்டத்தில் விளக்கிக் கூறுதல் நிர்வாகக் குழுவின் கடமையாகும்.

2. எங்கே வேண்டும்? எங்கே கூடாது?

ஆட்கள் வந்து வந்து போகும் இடங்களே ஆள் உணர்கருவிக்கு உரியவை. நூல் கிடங்கு, உரக் கிடங்கு, பதிவேடுகள் வைக்கும் அறை, நடைபாதை, கழிப்பிடம் ஆகியவை இவ்வகையின. கூட்ட அறையும் பெரும்பாலும் வெறுமையாகக் கிடப்பதால் ஏற்றதே.

இனி, கூடாத இடங்கள். விசைத்தறி, பஞ்சரைவை எந்திரம், மாவரைக்கும் எந்திரம் ஆகியவை ஓடும் இடத்தில் ஆள் உணர்கருவியைக்கொண்டு விளக்கை அணைக்கவே கூடாது. எந்திரம் ஓடிக்கொண்டிருக்கையில் ஒரு நொடி இருள் சூழ்ந்தாலும் கைவிரல் போகும். அவ்வாறே மின்பலகை உள்ள இடத்திலும், படிக்கட்டின் பொதுவிளக்கிலும் இதனைத் தவிர்த்தல் நலம்.

கைத்தறியைப் பற்றித் தனியே கூறவேண்டும். நெய்யும்போது நெசவாளரின் கையும் காலும் ஓயாது அசைகின்றன. ஆனால் அறுந்த இழையைத் தேடி முடியும்போதும், விழுதிலும் அச்சிலும் இழை கோக்கும்போதும் அவர் ஏறக்குறைய அசைவற்றே இருக்கின்றார். விளக்கு மிகவும் வேண்டப்படுவதும் அந்நேரத்திலேதான். குழித்தறியில் அவர் தாழ அமர்ந்திருக்கின்றார். தறியின்மேல் ஜக்கார்டுப் பெட்டி இருந்தால், கூரையிலுள்ள கருவிக்கு அவர் மறைந்தே போவார். ஆகவே தறிக்குரிய விளக்கு நெசவாளரின் கைக்கெட்டும் சுவிட்சிலேயே இருக்கட்டும். கொட்டகையின் பொதுவிளக்குகளுக்கு மட்டும் பகலொளிக் கருவி வைப்போமாக.

அலுவலக அறைக்கு ஒரு நடுவழி உண்டு. விளக்கை ஆளே ஏற்றுவது. அணைப்பதை மட்டும் கருவி செய்வது. கணக்கர் உள்ளே வரும்போது வெளிச்சம் போதுமென்று கருதினால் விளக்கை ஏற்றமாட்டார். தானே ஏறி, தானே அணையும் ஏற்பாட்டைவிட இதில் மிச்சம் அதிகம்.

3. பொருத்தும் முறை

கூரைக் கருவியைத் தரையிலிருந்து சுமார் 2.5 முதல் 3 மீட்டர் உயரத்தில் பொருத்துவது பொது வழக்கம். அதற்கென எழுதப்பட்ட எல்லை, நடந்து செல்பவரைப் பற்றியது. மேசையில் அமர்ந்து எழுதுபவரின் சிறு அசைவை அறியும் எல்லை அதனினும் குறுகியது. ஆதலால் 6 மீட்டர் விட்டம் என்று உறையில் எழுதியிருப்பதை நம்பி, அறையின் கோடியில் கணக்கரை அமர்த்தலாகாது.

மின்விசிறிக்கும் கருவிக்கும் குறைந்தது 1 மீட்டர் இடைவெளி வேண்டும். தறியின் அதிர்வு ஏறும் உத்திரத்தில் பொருத்தலாகாது. வெயில் நேரே படும் இடமும் ஆகாது. திறந்திருக்கும் கதவின் வழியே தெருவைக் காணும்படி வைத்தால், வழிப்போக்கர் ஒவ்வொருவருக்கும் சங்கம் விளக்கேற்ற நேரிடும். கிடங்கில் அடுக்கு உயர்ந்தால் கருவியின் பார்வை மறையும். எனவே நடைவழிகள்தோறும் ஒரு கருவி வேண்டியிருக்கலாம்.

மின்சுமையையும் நோக்குதல் வேண்டும். பழைய குண்டு விளக்குக்கு ஓர் அளவும், எல்.இ.டி. விளக்குக்கு அதனினும் குறைந்த ஓர் அளவும் கருவியின் உறையில் குறிக்கப்பட்டிருக்கும். எல்.இ.டி. விளக்குகள் ஏறும் கணத்தில் மிகுதியான மின்னோட்டத்தை இழுப்பதால், அளவு மீறினால் கருவியின் உள்ளிணைப்பு ஒட்டிக்கொண்டு விளக்கு அணையாமலே போகும். பல கருவிகளுக்கு நியூட்ரல் கம்பியும் தேவை. சுவிட்சுப் பெட்டியில் அது பெரும்பாலும் இராது. இவ்வேலையை உரிமம் பெற்ற மின்பணியாளரைக்கொண்டு, முதன்மைச் சுவிட்சை அணைத்த பின்னரே செய்விக்க வேண்டும்.

4. மூன்று திருகுகள்

கருவியின் பக்கத்தில் பொதுவாக மூன்று சிறு திருகுகள் இருக்கும். ஒன்று நேரம், ஒன்று கூர்மை, மற்றொன்று ஒளியளவு. ஒளித் திருகின் ஒருபுறம் சூரியனும் மறுபுறம் பிறைநிலவும் பொறிக்கப்பட்டிருப்பது வழக்கம். சூரியன் பக்கம் திருப்பினால் எந்த வெளிச்சத்திலும் விளக்கு ஏறும். நிலவுப் பக்கம் திருப்பினால் இருட்டில் மட்டுமே ஏறும்.

சோதனையை இம்முறையில் செய்க: முதலில் நேரத்தை மிகக் குறைவாகவும், ஒளியைச் சூரியன் பக்கமாகவும் வைக்க. மின்சாரம் கொடுத்தபின் ஏறக்குறைய ஒரு நிமிடம் காத்திருக்க. கருவி தன்னைச் சமன்செய்துகொள்ள அந்நேரம் வேண்டும். மின்தடை நீங்கியவுடன் ஆளில்லா அறையில் விளக்கு சிறிது நேரம் எரிவதும் இதனாலேயே, அது பழுதன்று. பின்னர் ஒருவர் அறையின் ஓரங்களிலிருந்து உள்நோக்கி நடந்து, விளக்கு ஏறும் இடங்களையெல்லாம் சுண்ணக்கட்டியால் குறிக்க. அதன்பின் அவ்வறையில் நாள்தோறும் வேலை செய்பவரையே அவருடைய இடத்தில் அமர்த்தி, வழக்கமான வேலையைச் செய்யச் சொல்க. விளக்கு அணையுமாயின் கூர்மையைக் கூட்டுக. அப்போதும் அணைந்தால் கருவியின் இடத்தை மாற்றுக. இச்சோதனையைக் கோடை நண்பகலில் ஒருமுறை மீண்டும் செய்க.

இறுதியாக நேரத்தை வைக்க. கழிப்பிடத்திற்கும் நடைபாதைக்கும் 5 நிமிடம், கிடங்கிற்கு 10 நிமிடம், அலுவலகத்திற்கு 15 முதல் 20 நிமிடம் என்று தொடங்கலாம். சிக்கனம் கருதி அலுவலகத்திற்கு 1 நிமிடம் என்று வைப்பதே காகிதம் ஒட்டப்படுவதற்கு முதற்காரணம். ஒளித் திருகைப் பகலொளி குறையும் மாலை வேளையில், விளக்கு வேண்டுமென்று வேலை செய்பவர் கூறும் தருணத்தில் நிலவுப் பக்கமிருந்து மெல்லத் திருப்பி, விளக்கு ஏறும் இடத்தில் நிறுத்துக.

5. பகலொளியை அளத்தல்

ஒளியின் அளவை லக்ஸ் என்பர். 1 சதுர மீட்டர்ப் பரப்பில் 1 லூமன் ஒளி விழுவது 1 லக்ஸ். நேர் வெயிலில் ஏறக்குறைய 1,00,000 லக்ஸ் இருக்கும். எழுத்து வேலை நடக்கும் மேசைக்கு 300 முதல் 500 லக்ஸ் போதுமானது. கருநூல் நெசவுக்கு வெண்ணூலினும் மிகுந்த ஒளி வேண்டும் என்பதை நெசவாளர் எவரும் அறிவர்.

சன்னலின் ஒளி அறைக்குள் நெடுந்தூரம் செல்வதில்லை. தரையிலிருந்து சன்னல் மேல்விளிம்பின் உயரம் எவ்வளவோ, அதன் ஒன்றரை மடங்கு முதல் இரு மடங்கு தூரம் வரையே அது பயன்படும். மேல்விளிம்பு 2.1 மீட்டராயின் சுமார் 3 முதல் 4 மீட்டர் எனக் கொள்க. ஆகவே சன்னலை ஒட்டிய விளக்கு வரிசைக்கு மட்டும் தனிக்கம்பி இழுத்து, அதனையே பகலொளிக் கருவியுடன் இணைக்க வேண்டும். எல்லா வரிசைகளையும் ஒரே கருவியில் இணைத்தால், சன்னலோரத்தார்க்கு ஒளி இருப்பதைக்கொண்டு உள்ளே அமர்ந்திருப்போர் இருளில் விடப்படுவர்.

அணைக்கும் எல்லையைக் கணக்கிடுவதிலேதான் பலர் தவறுகின்றனர். மேசைக்கு 300 லக்ஸ் வேண்டும். இரவில் விளக்குகள் மட்டும் தருவதும் 300 லக்ஸ் என்போம். பகலொளி 300-ஐ எட்டும்போது, எரியும் விளக்கொளியும் சேர்ந்து மேசையில் 600 லக்ஸ் இருக்கும். அப்போது அணைத்தால் எஞ்சுவது 300. ஆகவே அணைக்கும் எல்லை 600-க்குச் சற்று மேலேயும், ஏற்றும் எல்லை 300-ஆகவும் இருத்தல் வேண்டும். இரண்டையும் 300 என்று வைத்தால் என்னவாகும்? விளக்கு ஏறும், தன் ஒளியையே பகலொளி என்று கருவி எண்ணி அணைக்கும், இருண்டதென்று மீண்டும் ஏற்றும். இவ்வாறு விளக்கு ஓயாது கண்சிமிட்டும். அறையை நோக்காது, சன்னலுக்கு வெளியே மட்டும் நோக்கும் கருவிக்கு இக்கணக்கு வேண்டுவதில்லை.

மேகம் கடக்கும்போதெல்லாம் விளக்கு மாறாதிருக்க, 5 முதல் 10 நிமிடத் தாமதம் வைத்துக்கொள்வது நன்று. சித்திரையில் வைத்த அளவு ஐப்பசி மழையில் பொருந்தாது. ஆண்டுக்கு இருமுறை சரிபார்க்க வேண்டும். லக்ஸ்மானி ஒன்றை அண்மையிலுள்ள சங்கங்கள் பலவும் கூடி வாங்கி, முறைவைத்துப் பயன்படுத்தலாம். ஒளியைச் சிறிது சிறிதாக மங்கச் செய்யும் கருவி கண்ணுக்கு இதமானது. ஆனால் அதற்கேற்ற விளக்குகளும் வாங்கவேண்டும்.

6. வரவும் செலவும்

20 வாட்டு விளக்குகள் நான்கு உள்ள கிடங்கை எடுத்துக்கொள்வோம். நாளைக்கு 10 மணி நேரம் எரிகின்றது; உண்மையில் வேண்டுவது 2 மணி நேரம். மிச்சமாகும் 8 மணி நேரத்திற்கு 640 வாட்டு-மணி. 300 வேலை நாட்களுக்கு 192 யூனிட்டு. கருவி தானும் மின்சாரம் உண்ணும். அது 1 வாட்டாயின் ஆண்டுக்கு ஏறக்குறைய 9 யூனிட்டு. நிகர மிச்சம் 183 யூனிட்டு. இதனை உங்கள் சங்கத்தின் மின்கட்டண விகிதத்தால் பெருக்கிக் கருவியின் விலையோடு ஒப்பிடுக.

அதே கிடங்கில் 9 வாட்டு விளக்கு ஒன்றே இருப்பின் மிச்சம் சுமார் 22 யூனிட்டு. கருவியின் பங்கு போக நிற்பது 13. அங்கே கருவி வேண்டியதில்லை. கதவருகே ஒரு சுவிட்சும், அணைத்துச் செல்லும் பழக்கமும் போதும்.

பொருத்தியபின் கருவியின் வில்லையில் படியும் பஞ்சுத் துகளையும் சிலந்தி வலையையும் மாதம் ஒருமுறை உலர்ந்த மெல்லிய துணியால் துடைக்க வேண்டும். ஒவ்வொரு கருவியின் நேரமும் ஒளியளவும், வைத்த நாளும் ஒரு பதிவேட்டில் எழுதப்படட்டும். அளவை மாற்ற விரும்புவோர் யாரிடம் கூறவேண்டும் என்பதும் அறையில் எழுதி வைக்கப்படட்டும். முறையீடு செய்ய வழியிருந்தால் காகிதம் ஒட்ட எவரும் முற்படார்.

சிக்கனம் என்பது வேலை செய்பவரை இருளில் வைப்பதன்று. வேலையில்லாத இடத்தில் விளக்கை வைக்காமையே. கண் நோக நெய்த துணியில் பிழை நேர்ந்து கழிவாகுமாயின், மிச்சம் பிடித்த மின்சாரம் அந்நட்டத்திற்கு ஈடாகாது. ஆகவே விளக்கின்கீழ் இருப்பவரைக் கேட்டே விளக்கின் அளவை வைப்போமாக.

படிப்பு வட்டத்தில் ஆராய்வதற்குரிய வினாக்கள்

1. நம் சங்கக் கட்டிடத்தில் ஆளின்றி விளக்கெரியும் இடங்கள் எவை? ஒரு வாரம் குறித்து வந்து கூறுக.
2. அவற்றுள் ஆள் உணர்கருவி வைக்கக் கூடாத இடங்கள் எவை? காரணம் என்ன?
3. சன்னலோர விளக்குகளுக்குத் தனிச் சுவிட்சு உண்டா? இல்லையாயின் தனிக்கம்பி இழுக்க ஆகும் செலவு யாது?
4. மேசைக்கு 400 லக்ஸ் வேண்டும். இரவில் விளக்குகள் தருவதும் 400 லக்ஸ். அணைக்கும் எல்லையை எவ்வளவுக்கு மேல் வைக்கவேண்டும்?
5. கருவியின் அளவை மாற்றும் பொறுப்பு யாரிடம் இருத்தல் நலம்?