பாடம் 14: மூன்றாவது ஆணி

முதல் பனி விழுந்த பிறகும் நான் வீதியில் சைக்கிள் ஓடினேன். பிறகு அதைக் கழுவாமல் வெளியே விட்டுவிட்டேன். ஏப்ரலில் பார்த்தால், செயின் முழுவதும் செம்மண் நிறம்!

“அம்மம்மா, இங்கை பாருங்கோ! துருப்பிடிச்சிட்டுது!”

“ஓம் ராசா. ஊரிலை இதைக் கறள் எண்டு சொல்லுவம். கடற்கரைப் பக்கம் இன்னும் கெதியாய்க் கறள் பிடிக்கும்.”

ஏன் அப்படி? இதையே என் விஞ்ஞானச் செயற்றிட்டமாக எடுத்தேன். நான்கு போத்தல்களில் ஒவ்வோர் இரும்பு ஆணியைப் போட்டேன்.

1. காய்ந்த அரிசி, மூடி இறுக்கமாக மூடியது.
2. குழாய்த் தண்ணீர், ஆணியில் பாதி வெளியே.
3. கொதித்து ஆறிய தண்ணீர் நிறைய, மேலே எண்ணெய்.
4. உப்புத் தண்ணீர், ஆணியில் பாதி வெளியே.

“மூன்றாவது ஆணிதான் அதிகம் துருப்பிடிக்கும். அது முழுவதும் தண்ணீருக்குள் இருக்கிறது” என்று கொப்பியில் எழுதினேன்.

ஒரு கிழமை போனது. முதலாவது ஆணி அப்படியே இருந்தது. இரண்டாவது ஆணியில் துரு. நான்காவதில் இன்னும் அதிகம். மூன்றாவது? பளபள என்று இருந்தது!

என் கணிப்புப் பிழை. எனக்கு வெட்கமாக இருந்தது. எழுதியதை அழிக்கப் போனேன்.

“அழிக்காதை,” என்றார் அப்பா. “நீ நினைச்சதும் இருக்கட்டும், நடந்ததும் இருக்கட்டும். மூண்டாவது போத்தலிலை என்ன இல்லை? யோசிச்சுப் பார்.”

யோசித்தேன். தண்ணீர் கொதித்தபோது அதில் கரைந்திருந்த காற்று வெளியே போய்விட்டது. எண்ணெய் புதுக் காற்றை உள்ளே விடவில்லை.

“காற்று இல்லை, அப்பா!”

ஆம். இரும்பு துருப்பிடிக்கத் தண்ணீரும் வேண்டும், காற்றிலுள்ள ஒட்சிசனும் வேண்டும். உப்பு அந்த வேலையை வேகமாக்கும். அம்மம்மாவின் ஊரில் கடற்காற்றில் உப்பு. ரொறன்ரோவில், பனியைக் கரைக்க வீதியில் போடும் உப்பு!

நம் நகரத்தின் கார்டினர் நெடுஞ்சாலைக்கும் இதுதான் நடந்தது. அதை 1955 முதல் 1966 வரை கட்டினார்கள். அதன் கொங்கிரீட்டுக்குள் உருக்குக் கம்பிகள் இருக்கின்றன. உப்புத் தண்ணீர் உள்ளே இறங்கியதால் கம்பிகள் துருப்பிடித்தன. துருவுக்கு இரும்பைவிட அதிக இடம் வேண்டும். அதனால் கொங்கிரீட் வெடித்து, துண்டுகள் கீழே விழுந்தன. பெரிய திருத்த வேலைகள் செய்ய வேண்டி வந்தது.

என் கணிப்பையும் விடையையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டினேன். வகுப்பில் எல்லோரும் மூன்றாவது போத்தலைப் பற்றித்தான் கேட்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அம்மம்மா சொன்னார்: “செயினைத் துடைச்சுப்போட்டு எண்ணெய் விடு, ராசா.”

ஏன் என்று இப்போது எனக்குத் தெரியும்.

புதிய சொற்கள்
துரு, கறள் – இரும்பில் படியும் செந்நிறப் பொருள்
கெதியாய் – விரைவாக
கணிப்பு – இப்படி நடக்கும் என்று முன்பே நினைப்பது
உருக்கு – இரும்பிலிருந்து செய்யும் உறுதியான உலோகம்

பேசுவது – எழுதுவது
எண்டு – என்று
சொல்லுவம் – சொல்லுவோம்
அழிக்காதை – அழிக்காதே
மூண்டாவது – ?
யோசிச்சு – ?

விடை எழுதுவோம்
1. மூன்றாவது ஆணி ஏன் துருப்பிடிக்கவில்லை?
2. செயினுக்கு ஏன் எண்ணெய் விடுகிறோம்?
3. கணிப்பை அழிக்க வேண்டாம் என்று அப்பா ஏன் சொன்னார்?
4. துருவுக்கு உங்கள் வீட்டில் என்ன சொல் சொல்வார்கள்? பெரியவர்களிடம் கேட்டு எழுதுங்கள்.