பண்டிகை ஒரு நாள், டப்பா பத்து நாள்

தங்கம், தீபாவளிக்கு ஊருக்கு வருகிறாய் என்று உன் அம்மா சொன்னாள். சில மாதங்களாகக் கலோரி கணக்குப் பார்த்து, சோற்றை அளந்து போட்டு, எடையைக் குறைத்துக்கொண்டு வருகிறாயாம். வீட்டுக்கு வந்தால் எல்லாம் கெட்டுப்போகும் என்று பயமாக இருக்கிறதாம். பயப்படாதே. இந்த வீட்டில் எத்தனையோ தீபாவளிக்கு எண்ணெய்ச்சட்டி முன்னால் உட்கார்ந்தவள் நான். சர்க்கரை நோய்க்காரர்களும் எடை பார்ப்பவர்களும் உள்ள குடும்பத்துக்குத்தான் அத்தனை வருடமும் பரிமாறியிருக்கிறேன். அதில் தெரிந்துகொண்டதை உனக்கு எழுதுகிறேன்.

1. முதலில் ஒரு கணக்கை மனதில் வாங்கிக்கொள். உடம்பில் ஒரு கிலோ கொழுப்பு சேர வேண்டுமென்றால், தேவைக்கு மேல் ஏறக்குறைய 7,700 கலோரி உள்ளே போக வேண்டும். தீபாவளி அன்று நீ எவ்வளவு மனம்விட்டுச் சாப்பிட்டாலும் 1,500 கலோரி கூடுதலாகப் போகலாம். அது 200 கிராம். அதைக் கரைக்க ஒரு வாரம் போதும். ஆனால் நம் பண்டிகை அந்த ஒரு நாளோடு முடிவதில்லை. இரண்டு வாரம் முன்பே முறுக்கு சுடுகிறோம். இரண்டு வாரம் பின்பும் டப்பாவில் கை போகிறது. விநாயகர் சதுர்த்திக் கொழுக்கட்டையில் தொடங்கினால் தீபாவளி, கார்த்திகைப் பொரி உருண்டை, பொங்கல் என்று தை மாதம் வரை அடுக்கு அடுக்காக வருகிறது. நடுவில் நவராத்திரிச் சுண்டல் ஒன்றுதான் வயிற்றுக்கும் கணக்குக்கும் ஒத்துப்போவது. அமெரிக்காவில் நன்றி கூறும் நாள் தொடங்கிப் புத்தாண்டு வரையான விருந்துக் காலத்தில் எடை எவ்வளவு ஏறுகிறது என்று ஆராய்ந்து, 2000இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வெளியிட்டார்கள். சராசரியாக ஏறியது அரைக் கிலோவுக்கும் குறைவுதான். ஆனால் ஏறிய அந்தக் கொஞ்சம் அடுத்து வந்த மாதங்களில் இறங்கவே இல்லை. வருடத்துக்குக் கொஞ்சம் என்று இருபது வருடம் போனால் எங்கே நிற்கும் என்று நீயே பார்த்துக்கொள். ஒருநாள் விருந்து உடம்பை ஒன்றும் செய்யாது. ஓயாத கொறிப்புத்தான் செய்யும்.

2. கணக்குப் பார்ப்பது என்றால் எண்ணெயைப் பார். ஒரு கிராம் கொழுப்பில் 9 கலோரி. மாவிலும் சர்க்கரையிலும் பருப்பிலும் ஒரு கிராமுக்கு 4தான். கைபேசிச் செயலியில் 'முறுக்கு ஒன்று' என்று தேடினால் யார் வீட்டு முறுக்கு என்று அதற்கு எப்படித் தெரியும்? நான் செய்யும் வழியைச் சொல்கிறேன். சட்டியில் ஊற்றும் முன் எண்ணெயை அளந்து எழுதி வை. சுட்டு முடித்து ஆறியபின் மிச்சத்தை அள. ஒரு லிட்டரில் முக்கால் லிட்டர் மிஞ்சினால், காணாமல் போன கால் லிட்டர் பலகாரத்துக்குள்தான் இருக்கிறது. அது 2,000 கலோரிக்குச் சற்று மேல். ஐம்பது முறுக்கு சுட்டிருந்தால் ஒன்றுக்கு எண்ணெயில் மட்டும் 40 கலோரி. மாவின் கணக்கை அதோடு சேர்த்துக்கொள். அதிரசத்துக்கும் இப்படித்தான்: அரிசி, வெல்லம், எண்ணெய் மூன்றையும் எடை போட்டு, சுட்ட எண்ணிக்கையால் வகு. கடையில் வாங்கும் நெய் சொட்டும் மைசூர்பாகு 40 கிராம் துண்டாக இருந்தால் 200 கலோரியைத் தொட்டுவிடும். மூன்று இட்லிக்கு மேல் அது. இதை ஒருமுறை உட்கார்ந்து கணக்கிட்டுவிட்டாய் என்றால், சாப்பிடும் நேரத்தில் கைபேசியை எடுக்க வேண்டிய தேவை இல்லை. எடுக்கவும் வேண்டாம். இலைக்கு முன்னால் உட்கார்ந்து விரலால் திரையைத் தட்டிக்கொண்டிருப்பது சமைத்தவளுக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

3. விருந்துக்கு இடம் வைப்பதற்காகப் பட்டினி கிடக்காதே. உன் சின்னத் தாத்தா இன்சுலின் போட்டுக்கொள்பவர். ஒரு கல்யாண வீட்டில் மதியச் சாப்பாட்டுக்கு இருக்கட்டும் என்று காலையில் ஊசியைப் போட்டுக்கொண்டு பலகாரத்தைத் தள்ளிவிட்டார். முகூர்த்தம் முடிவதற்குள் வேர்த்து, கை நடுங்கி, நாற்காலியில் சரிந்துவிட்டார். சர்க்கரைத் தண்ணீரைக் குடிக்க வைத்து, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். உனக்கு அந்த நோய் இல்லை. ஆனாலும் காய்ந்த வயிறு கணக்குக் கேட்காது. எண்ணெய் தேய்த்துக் குளித்து வந்தால் பசி தனியாகக் கிளம்பும். அந்தப் பசிக்கு முதலில் சூடான இட்லி மூன்று, நிறையச் சாம்பார். பிறகு லேகியம், பிறகு இனிப்பு. லேகியத்தையும் நெல்லிக்காய் அளவோடு நிறுத்து. சுக்கும் மிளகும் திப்பிலியும் ஓமமும் சேர்ந்ததுதான், ஆனால் அவற்றைப் பிடித்து வைத்திருப்பது வெல்லமும் நெய்யும்.

4. எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் என்பார்கள். அதைக் கேட்காதே. உனக்கு எது பிடிக்குமோ அதைத் தேர்ந்தெடு. வருடம் முழுக்கத் தெருமுனைக் கடையில் கிடைக்கும் லட்டுக்கும் ஜாங்கிரிக்கும் தீபாவளி அன்று இடம் கொடுக்க வேண்டியதில்லை. நம் வீட்டு முந்திரிக்கொத்து வருடத்தில் ஒருமுறைதான் வரும். பாசிப்பயறை வறுத்துத் திரித்து, வெல்லப்பாகில் உருட்டி, ஒரு நாள் முழுக்க இடுப்பொடியச் செய்வது. இரண்டு எடுத்துக்கொள். உட்கார்ந்து, மென்று, ருசித்துச் சாப்பிடு. நின்றுகொண்டும் பேசிக்கொண்டும் வாயில் போட்டது நினைவில் தங்காது. நினைவில் தங்காததை நாக்கு மறுபடி கேட்கும்.

5. பந்தியில் உட்காரும்போது இலை உன்னுடையது என்பதை மறக்காதே. பரிமாறுகிறவர் வேகமாக வருவார். கையை இலைக்கு மேலே குறுக்கே நீட்டி 'போதும்' என்று முகம் பார்த்துச் சொன்னால் எவரும் வருத்தப்பட மாட்டார்கள். ஊற்றியபின் தள்ளி வைத்து மூடினால்தான் வருத்தம். சமைத்த சோறு 100 கிராமில் 130 கலோரி வரும். சாம்பாருக்கு, ரசத்துக்கு, மோருக்கு என்று மூன்று தடவை சோறு விழுவதால், ஒவ்வொரு தடவையும் பாதியில் நிறுத்து. கூட்டையும் பொரியலையும் இரண்டாம் முறை கேட்டு வாங்கு. பரிமாறுபவருக்கும் சந்தோஷம், உனக்கும் வயிறு நிறையும். நம் திருநெல்வேலிப் பக்கத்துக் கல்யாணத்தில் மறுவீட்டுக்குச் சொதி வைப்போம். முதல் பால், இரண்டாம் பால் என்று தேங்காயைப் பிழிந்து ஊற்றிய குழம்பு. அதோடு உருளைக்கிழங்கு வறுவலும் வரும். அன்றைக்கு வறுவலை விட்டுவிட்டு இஞ்சிப் பச்சடியைத் தொட்டுக்கொள். சொதியை விட்டுவிடாதே, அது விட்டுவிடக்கூடியது இல்லை. அளவாக உண்பது நான் புதிதாகச் சொல்வது இல்லை. திருக்குறளில் 95ஆம் அதிகாரத்துக்கு 'மருந்து' என்று பெயர். ஒருநாள் எடுத்துப் படி. பத்துக் குறளிலும் ஒரு மூலிகைப் பெயர்கூட இராது. முன்பு உண்டது செரித்ததா என்று பார்த்து, பசித்தபின் அளவோடு உண் என்பதுதான் திரும்பத் திரும்ப வருகிறது.

6. வேண்டாம் என்று சொல்வதற்கும் ஒரு பண்பு உண்டு. 'நான் டயட்டில் இருக்கிறேன்' என்று தட்டைத் தள்ளினால், கொடுத்த அத்தைக்குத் தன்னையே தள்ளியது போல இருக்கும். உன் ஆச்சி ஒரு தீபாவளிக்கு, புது மாப்பிள்ளை அதிரசத்தைத் தொடாமல் எழுந்துபோனதற்காக அடுப்படியில் நின்று அழுதாள். அவருக்கு வயிறு சரியில்லை, பாவம். அதை ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஆச்சியே கஷாயம் வைத்துக் கொடுத்திருப்பாள். ஆகவே, கொடுத்தவர் கண் முன்னால் ஒரு விள்ளல் எடுத்து வாயில் போடு. பாகு பதம் நன்றாக வந்திருந்தால் அதை மனதாரச் சொல். மீதியைப் பக்கத்தில் இருப்பவரோடு பங்கிடு. மூன்றாவது முறையும் வற்புறுத்தினால், சிரித்துக்கொண்டே உண்மையைச் சொல்: 'பிடிக்குது அத்தை, ஆனா உடம்புக்குப் போதும்.' பொய்க் காரணம் சொல்லாதே. ஒரு பொய்யைச் சொல்லிவிட்டால் பிறகு ஒவ்வொரு வீட்டிலும் அதைக் காப்பாற்றிக்கொண்டு திரிய வேண்டும்.

7. மறுநாள் காலையில் எடை பார்க்காதே. பார்த்தால் ஒன்று, ஒன்றரைக் கிலோ கூடக் காட்டும். உப்பு போட்ட பலகாரம் தண்ணீரைப் பிடித்து வைக்கும். மாவுச்சத்தை உடம்பு கிளைக்கோஜனாகச் சேமிக்கும்போதும் ஒரு கிராமுக்கு மூன்று கிராம் தண்ணீர் கூடவே தங்கும். அந்த எடையில் பெரும்பகுதி தண்ணீர், தங்கம். நாலைந்து நாளில் தானே இறங்கிவிடும். இது தெரியாமல் எத்தனையோ பெண்கள் 'எல்லாம் போச்சு' என்று மனம் ஒடிந்து, பொங்கல் வரைக்கும் கட்டுப்பாட்டையே கைவிட்டதைப் பார்த்திருக்கிறேன். ஒரு வாரம் கழித்துப் பார். எடைக் கருவியை மட்டும் நம்பாமல் இஞ்ச் டேப்பையும் எடு. நம்மவர்களுக்குக் கொழுப்பு வயிற்றில்தான் முதலில் சேரும். பெண்ணுக்கு இடுப்புச் சுற்றளவு 80 சென்டிமீட்டரையும் ஆணுக்கு 90ஐயும் தாண்டாமல் இருக்க வேண்டும் என்கிறார்கள் மருத்துவர்கள்.

8. நேற்றைய விருந்துக்கு இன்று உன்னைத் தண்டிக்காதே. மறுநாள் ஒரு வேளை கஞ்சியும் துவையலும் சாப்பிட்டால் அது வயிற்றுக்கு ஓய்வு. இரண்டு நாள் தண்ணீரை மட்டும் குடித்துக் கிடந்தால் அது உடம்பின் மேல் கோபம். எப்போதாவது சாப்பிட்டதை வாந்தியெடுத்து வெளியேற்றத் தோன்றினாலோ, ஒளித்து ஒளித்துச் சாப்பிடத் தோன்றினாலோ, கலோரிக் கணக்கை அன்றோடு மூடி வைத்துவிட்டு என்னிடம் வா. இருவருமாக மருத்துவரைப் போய்ப் பார்ப்போம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

9. சாப்பிட்டதும் படுக்காதே. பட்டாசுச் சத்தத்தில் முந்தின இரவு தூக்கம் கெட்டிருக்கும், கண் சொக்கும். ஆனாலும் பெரியப்பாவைக் கூட்டிக்கொண்டு வாய்க்கால் கரை வரை மெதுவாக நடந்துவிட்டு வா. சாப்பிட்டபின் நடந்தால் ரத்தச் சர்க்கரை ஒரேயடியாக ஏறாது. நடந்து எல்லாவற்றையும் எரித்துவிடலாம் என்று மட்டும் நம்பாதே. 60 கிலோ எடையுள்ள ஒருத்தி முக்கால் மணி நேரம் வேகமாக நடந்தால் கரைவது அந்த ஒரு மைசூர்பாகுதான்.

10. உன் கணக்கு உன்னோடு இருக்கட்டும். அடுத்த இலையை எட்டிப் பார்த்து 'இதில் எவ்வளவு கலோரி தெரியுமா' என்று சொல்லாதே. முக்கியமாகக் குழந்தைகளிடம். கொஞ்சம் பூசினாற்போல இருக்கும் பிள்ளையைப் பார்த்து 'குண்டு' என்று ஒரு பெரியவர் சொன்ன சொல், அந்தப் பிள்ளைக்கு நாற்பது வயதானபோதும் உள்ளே இருந்ததை நான் அறிவேன். உன்னையும் யாராவது 'இளைச்சுட்டே', 'பெருத்துட்டே' என்று பேசுவார்கள். பதில் சொல்லாதே, எழுந்து தண்ணீர் எடுத்துக் கொடு. பேச்சு தானே மாறும்.

11. கடைசியாகச் சொல்வதுதான் எனக்கு எல்லாவற்றிலும் பெரியது. ரேஷன் சர்க்கரையைச் சேர்த்து வைத்துப் பலகாரம் செய்த காலம் உன் ஆச்சியுடையது. அப்போதும் மூன்றாம் நாள் எங்கள் வீட்டு டப்பா காலியாகிவிடும். தீபாவளி அன்று உறவுக்காரர்களுக்குத் தட்டு போகும். மறுநாள் தபால்காரர், பால்காரர், துணி வெளுப்பவர், பள்ளிக்கூட வாத்தியார், ரம்ஜானுக்கு நமக்குப் பிரியாணி அனுப்பிய வீடு, கிறிஸ்துமஸுக்குக் கேக் கொடுத்த வீடு எல்லோருக்கும் போகும். மூன்றாம் நாள் மிஞ்சிய உடைசலை வாசலில் விளையாடும் பிள்ளைகளுக்கு அள்ளிக் கொடுப்பாள். அந்த வீட்டில் யாருக்கும் தொந்தி இருந்ததில்லை. இப்போது பலகாரம் அழகழகான பெட்டிகளில் வருகிறது. குளிர்சாதனப் பெட்டி கெடாமல் காக்கிறது. கொடுக்கவும் சோம்பல், எறியவும் மனமில்லை. இரவு பத்து மணிக்குத் தொலைக்காட்சி முன்னால் அத்தனையும் நம் வயிற்றுக்கே வருகிறது. வீட்டில் பாதி அளவே செய்யச் சொல். அலுவலகத்தில் தரும் இனிப்புப் பெட்டியைப் பிரிக்காமலே அங்கே கூட்டிப் பெருக்கும் அம்மாவிடம் கொடுத்துவிடு. டப்பாவைக் கண்ணில் படும் மேசையில் வைக்காதே, மேல்பரணில் வை.

கிளம்பி வா, தங்கம். முந்திரிக்கொத்துக்குப் பயறு திரித்தாகிவிட்டது. உருட்ட ஒரு கை வேண்டும். போகும்போது உன் கையில் நான் தரும் பொட்டலம் இந்த முறை சின்னதாகத்தான் இருக்கும். அதை விடுதிக்குப் போன அன்றே உன் தோழிகளோடு பிரித்துச் சாப்பிட்டு முடித்துவிடு.