கணினியின் மணிக்கூடும் நேர வலயமும்

காலம் ஒன்றே, அதனைக் கணிக்கும் முறைகளே பல. புவியியல் பயிலும் மாணவர் யாவரும் இவ்வுண்மையை அறிவர். எனினும், கணினியின் முன்னே அமர்ந்த மாத்திரத்தில் அதனை மறந்துவிடுகின்றனர். அம்மறதியால் விளையும் இடர் சிறிதன்று. தமிழாசிரியனாகிய யான் இவ்விழா மலரிற் கணினி மணிக்கூட்டைப் பற்றி எழுதப் புகுந்தமைக்கும் அத்தகைய இடரொன்றே காரணமாயிற்று.

கட்டுரைப் போட்டியொன்றிற்கு மாணவர் தம் கட்டுரைகளை மாலை 4.00 மணிக்குள் எழுதிக் கணினியறையிற் சேமித்தல் வேண்டும் என்பது விதி. மறுநாள் அவற்றை, சேமித்த நேரம் மாறாதவாறு, வலையமைப்பின் வழியாக என் கணினிக்கு எடுத்துப் பார்த்தேன். ஏனையோர் கட்டுரைகள் யாவும் உரிய வேளையில் முடிந்திருந்தன. ஒரு மாணவனது கட்டுரை மட்டும் இரவு 9.10 மணி எனக் காட்டிற்று. அவன் விடுதி மாணவன். இரவுப் படிப்பு வேளையிற் கணினியறைக்குச் செல்லும் வாய்ப்புடையவன். ஆதலால் ஐயம் வலுத்தது. “மூன்று நாற்பதுக்கே முடித்துவிட்டேன், சேர்” என அவன் கண்கலங்கிக் கூறியபோதும், கணினி பொய் கூறுமோ என்றெண்ணி, அவன் கட்டுரையைப் புறத்தே ஒதுக்கிவிட்டேன்.

கணினி பொய் கூறவில்லை. அதனிடம் நாம் கூறியிருந்ததே பொய்.

இருவகை மணிக்கூடுகள்

கணினியில் மணிக்கூடு இரண்டு உண்டு. ஒன்று, கணினி அணைந்திருக்கும் போதும் சிறு மின்கலமொன்றின் வலியால் ஓடிக்கொண்டிருக்கும் வன்பொருள் மணிக்கூடு. மற்றையது, கணினி இயங்கத் தொடங்கியபின் இயங்குதளம் தானே பேணும் முறைமை மணிக்கூடு. லினக்ஸ் இயங்குதளத்தில் இம்முறைமை மணிக்கூடு நாம் வழங்கும் நாளையும் நாழிகையையும் அறியாது. 1970 ஆம் ஆண்டு சனவரி முதலாந் திகதி, உலகப் பொது நேரம் நள்ளிரவு தொட்டுக் கழிந்த வினாடிகளின் எண்ணிக்கையே அது அறிவது. அவ்வெண்ணை இந்நாட்டு நேரமாகப் பெயர்த்து உரைக்கும் விதியே நேர வலயம் எனப்படும். எண்ணிக்கை மூலபாடம் போன்றது. வலயம் உரை போன்றது. உரையிற் பிழை காணின் உரையைத் திருத்துதல் வேண்டுமேயன்றி மூலத்தைச் சிதைத்தல் தகாது.

மேற்கூறிய கணினியில் நேர்ந்தது இச்சிதைவே. அதனை நிறுவிய காலத்தில் வலயம் உலகப் பொது நேரமாகவே விடப்பட்டிருந்தது. எனவே அது இலங்கை நேரத்திற்கு ஐந்தரை மணித்தியாலம் பின்னே காட்டிற்று. யாரோ ஒருவர் வலயத்தை மாற்றாது, மணிக்கூட்டையே ஐந்தரை மணித்தியாலம் முன்னே தள்ளிவிட்டார். திரையில் நேரம் சரியாயிற்று. உள்ளே எண்ணிக்கை பிழையாயிற்று. மாணவன் பிற்பகல் 3.40 இற்குச் சேமித்ததை அக்கணினி உலகப் பொது நேரம் 3.40 எனக் குறித்துக்கொண்டது. என் கணினி அதனை முறைப்படி இலங்கை நேரமாக்கி, இரவு 9.10 எனக் காட்டிற்று.

அறிதலும் திருத்தலும்

இதனை அறியக் கட்டளை ஒன்றே போதும். கட்டளைச் சாளரத்தில் ரைம், டேற், சீரீஎல் என்னும் மூன்றனையும் ஆங்கிலச் சிற்றெழுத்துக்களில், இடைவெளியின்றிச் சேர்த்துத் தட்டச்சிடுக. உள்ளூர் நேரம், உலகப் பொது நேரம், வன்பொருள் மணிக்கூட்டின் நேரம், வலயத்தின் பெயர் ஆகியன நிரலே தோன்றும். முதலிற் பார்க்கவேண்டியது உலகப் பொது நேரமே. அது சரியாயிருந்து உள்ளூர் நேரம் பிழைத்திருப்பின், குற்றம் வலயத்தினது. உலகப் பொது நேரமே பிழைத்திருப்பின், குற்றம் மணிக்கூட்டினது.

வலயத்தைத் திருத்த, நிருவாகி உரிமை தரும் ‘சூடோ’ என்னுஞ் சொல்லை முன்னிட்டு, அக்கட்டளையின் பின்னே ‘செற்-ரைம்சோன்’ என்றும், அதன்பின் ‘ஏசியா/கொழும்பு’ என்றும் இடுக. மணிக்கூட்டைத் திருத்தக் கைப்பட நேரம் இடுதலினும், ‘செற்-என்ரிபி ட்ரூ’ என இட்டு, வலையத்திலுள்ள நேரச் சேவையகத்தோடு அதனை ஒத்தியங்க விடுதலே சிறந்தது. இவ்வொத்தியக்கம் நிகழும்போது கைப்பட நேரம் மாற்ற முயலின், கணினி மறுத்துவிடும், அம்மறுப்பு நன்மைக்கே.

ஊர்ப்பெயர் எதற்கு?

ஐந்தரை மணித்தியாலம் என்று இலக்கத்தால் கூறாது கொழும்பு எனப் பெயர் கூறுவதேன் என்று மாணவர் வினவலாம். நம் நாட்டு நேரம் என்றும் ஒருபடித்தாய் இருந்ததில்லை. 1906 இல் ஐந்தரை மணித்தியாலமென வகுக்கப்பட்டது. போர்க்காலத்தில், 1942 இல், இருமுறை முன்னே தள்ளப்பட்டு, 1945 இல் மீண்டது. மின்சாரத் தட்டுப்பாட்டினால் 1996 மே மாதம் ஆறரையாகி, அவ்வாண்டு ஒற்றோபரில் ஆறாகி, 2006 ஏப்பிரலில் மீண்டும் ஐந்தரையாயிற்று. அக்காலத்திற் ‘பழைய நேரம்’, ‘புதிய நேரம்’ என இரண்டையும் கூறிக் கலியாண முகூர்த்தம் குறித்ததை முதியோர் மறந்திரார். இவ்வரலாறு முழுவதையும் கொழும்பு என்னும் வலயப்பெயர் தன்னுள் அடக்கி வைத்துளது.

இதனைச் சோதித்தறிக. ‘டேற்’ என்னுங் கட்டளையின்பின் இடைவெளி விட்டுச் சிறுகோடும் ‘டி’ எழுத்தும் இட்டு, மீண்டும் இடைவெளி விட்டு @946684800 என இடுக. கொழும்பு வலயத்திற் காலை 6.00 மணி, 2000 சனவரி 1 எனத் தோன்றும். @1262304000 என இடின், காலை 5.30 மணி, 2010 சனவரி 1 எனத் தோன்றும். இரண்டும் உலகப் பொது நேரப்படி நள்ளிரவே. இன்றைய நேரம் ஒத்ததெனக் கருதிக் கொல்கத்தா வலயத்தைத் தெரிவோர்க்கு முன்னையதும் 5.30 எனவே தோன்றும். அக்காலத்து இலங்கைப் பதிவுகள் யாவும் அரை மணித்தியாலம் பிழைபடும்.

அம்மாணவன் கட்டுரை மீண்டும் போட்டியிற் சேர்க்கப்பட்டது. பரிசு கிட்டவில்லை, பழி நீங்கிற்று. அவனிடம் வகுப்பறையிலே, பலர் கேட்க, யான் வருத்தந் தெரிவித்தேன். கணினியறைக்குச் செல்லும் மாணவரிடம் யான் வேண்டுவது ஒன்றே: நேரம் பிழையெனக் கண்டால், முதலில் எது பிழையென ஆராய்க, பின்னரே கைவைக்க. ஆசிரியர்களாகிய நாமும், மாணவர்மீது குற்றஞ் சுமத்துமுன், அவ்வாராய்ச்சியைச் செய்தல் கடனாம்.