எம்.பி.எச். பயணம்: முகப்புப் பேச்சும் எழுத்திலுள்ள விதியும்

செட்டிநாட்டு ஊரான நெற்குப்பைக்கு வெளியூர்ப் பயணம் புதிதல்ல. உலகம் சுற்றிப் பயண நூல்கள் எழுதிய சோமலெ 1921இல் பிறந்தது இந்த ஊரில்தான். அதற்கு முன்பே செட்டிநாட்டுக்காரர்கள் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்ய, போய்க்கொண்டிருந்தார்கள். கடைக்குக் கணக்கெழுதப் போகும் பையன்கூட எத்தனை வருடம், என்ன சம்பளம் என்று சம்பளச் சீட்டு எழுதிக்கொண்டுதான் கப்பல் ஏறினான்.

இன்று பொதுச் சுகாதார முதுகலைப் படிப்பான எம்.பி.எச்.சுக்குக் கிளம்பும் பிள்ளைகள் கையிலும் அத்தகைய சீட்டு உண்டு: அமெரிக்கா என்றால் ஐ-20, பிரிட்டன் என்றால் காஸ் என்ற சேர்க்கைச் சான்று, இரண்டுக்கும் பல்கலைக்கழக விதிக் கையேடு. வீட்டு முகப்பில் உட்கார்ந்து பேசும்போது மட்டும் இவற்றை யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை.

நம்பிக்கை: "எம்.பி.எச். முடிச்சா நகராட்சியில ஹெல்த் ஆபீசர் ஆயிடலாம்."

ஆக முடியாது. அந்தப் பணிக்கு எம்.பி.பி.எஸ். அடிப்படைத் தகுதி. எம்.பி.எச்.சில் பல் மருத்துவர், நர்ஸ், புள்ளியியல் படித்தவர், சமூகப்பணி படித்தவர் என்று பலரும் சேரலாம். ஆனால் அந்தப் பட்டம் யாருக்கும் மருந்துச் சீட்டு எழுதும் உரிமையைத் தராது. நோய்க் கண்காணிப்பு, தேசிய சுகாதார இயக்கத் திட்டங்கள், ஆராய்ச்சி நிறுவனங்கள், தொண்டு நிறுவனங்கள் ஆகியவைதான் அந்தப் பட்டத்துக்கான வேலைக் களம்.

நம்பிக்கை: "நல்ல படிப்புன்னா வெளிநாடுதான்."

அப்படியல்ல. இந்தியாவிலேயே முதன்முதலாகப் பொதுச் சுகாதாரச் சட்டம் இயற்றியது சென்னை மாகாணம், 1939இல். கொல்கத்தாவில் அகில இந்தியச் சுகாதார நிறுவனம் 1932இலேயே ராக்பெல்லர் அறக்கட்டளை உதவியுடன் வந்துவிட்டது. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தின் அச்சுத மேனன் மையம் 1997 முதல் எம்.பி.எச். நடத்துகிறது. அதே நிறுவனத்தின் பட்டத்தோடு சென்னை அயப்பாக்கத்தில் தேசிய நோய்ப்பரவியல் நிறுவனமும் எம்.பி.எச். நடத்துகிறது. புதுச்சேரி ஜிப்மரிலும் வேலூர் சி.எம்.சி.யிலும் இந்தப் படிப்பு உண்டு.

நம்பிக்கை: "இம்மாம் பெரிய வீடு இருக்கு, அதைக் காட்டி லோன் வாங்கிக்கலாம்."

செட்டிநாட்டில் பலரும் இடறுவது இங்கேதான். முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று தெருவுக்குத் தெரு நீளும் வீடு பெரும்பாலும் ஒருவருக்குச் சொந்தமானதல்ல. தாத்தா காலத்துப் பங்குகள் பிள்ளைகளுக்கும் பேரன்களுக்கும் பிரிந்து, பங்காளிகளில் ஒருவர் சென்னையில், ஒருவர் கோலாலம்பூரில் என்று இருப்பார்கள். முழு வீட்டையும் அடமானம் வைக்க எல்லாருடைய கையெழுத்தும் வேண்டும். வங்கி வில்லங்கமில்லாத பத்திரம் கேட்கும்.

வங்கிகளின் மாதிரிக் கல்விக்கடன் திட்டத்தில் 7.5 லட்சம் ரூபாய் தாண்டினால் பொதுவாகச் சொத்து ஈடு தேவை. 2024 நவம்பரில் அமைச்சரவை ஒப்புதல் பெற்ற பி.எம். வித்யாலட்சுமி திட்டம் ஈடோ ஜாமீனோ கேட்பதில்லை. ஆனால் அது பட்டியலில் உள்ள இந்திய நிறுவனங்களுக்கு மட்டும்.

நம்பிக்கை: "பிறந்தப்பவே பி.சி.ஜி. போட்டாச்சு, டி.பி. டெஸ்ட் எதுக்கு?"

இதற்குப் பதில் தமிழ்நாட்டிலேயே கிடைத்தது. 1968இல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் தொடங்கிய பி.சி.ஜி. தடுப்பூசி ஆய்வில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் சேர்க்கப்பட்டார்கள். பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை என்று 1979இல் வெளியான முடிவு உலகையே திரும்பிப் பார்க்கவைத்தது. குழந்தைகளைத் தாக்கும் மூளைக்காய்ச்சல் வகைக் காசநோயிலிருந்து காப்பதால்தான் இன்றும் பிறந்ததும் போடுகிறார்கள்.

பிரிட்டனில் ஆறு மாதத்துக்கு மேல் தங்க இந்தியாவிலிருந்து விசா கேட்பவர், அங்கீகரிக்கப்பட்ட மையத்தில் மார்பு எக்ஸ்ரே எடுத்துச் சான்றிதழ் வாங்க வேண்டும். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவும் அம்மை ஊசிச் சான்றோடு காசநோய்ப் பரிசோதனையும் கேட்கின்றன. பி.சி.ஜி. போட்டவருக்குத் தோல் பரிசோதனை பொய்யாகத் தடித்துக் காட்டக்கூடும் என்பதால் இக்ரா என்ற இரத்தப் பரிசோதனைக்குச் சம்மதிப்பார்களா என்று முன்பே கேட்டு வைப்பது நல்லது.

நம்பிக்கை: "கல்யாணத்தை முடிச்சு ஜோடியா அனுப்பிடுவோம்."

2024 ஜனவரி 1 முதல் பிரிட்டனில் வகுப்பறை சார்ந்த முதுகலை படிப்பவர்கள் கணவனையோ மனைவியையோ சார்ந்தோர் விசாவில் அழைத்துச் செல்ல முடியாது. அமெரிக்காவுக்கு எஃப்-2 விசாவில் கூடப் போகலாம். அங்கே வேலை பார்க்க அனுமதி இல்லை. மாணவரும் பருவம் நடக்கும்போது வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம். வகுப்பு தொடங்க 30 நாளுக்கு முன்னால் அந்நாட்டில் இறங்கவும் விதி இடம் தராது. வீடு தேடுவதையும் அந்த 30 நாளுக்குள் முடிக்கப் பார்க்க வேண்டும்.

நம்பிக்கை: "எந்த எம்.பி.எச்.னாலும் மூணு வருஷம் வேலை பார்க்கலாம்."

அமெரிக்காவில் படிப்பு முடிந்தபின் கிடைக்கும் ஓ.பி.டி. என்ற வேலை அனுமதி 12 மாதம். கூடுதல் 24 மாதம், ஸ்டெம் எனப்படும் அறிவியல்-தொழில்நுட்பப் பட்டியலில் உள்ள பாடங்களுக்கு மட்டும். நோய்ப்பரவியலும் உயிர்ப்புள்ளியியலும் அதில் உண்டு, பொதுவான எம்.பி.எச். பாடக்குறியீடு இல்லை. ஐ-20யில் அச்சிட்டிருக்கும் குறியீட்டைச் சேரும் முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும்.

நம்பிக்கை: "நம்ம ஊரு ஜனங்கதானே, சர்வேக்கு யாரிடம் அனுமதி கேட்கணும்?"

ஊரில் எத்தனை பேருக்குச் சர்க்கரை, எத்தனை பேருக்கு இரத்த அழுத்தம் என்று விடுமுறையில் வந்து கணக்கெடுத்து ஆய்வேடு எழுத நினைப்பவர்கள் உண்டு. நல்ல எண்ணம்தான். ஆனால் அமெரிக்காவின் டஸ்கீகீயில் 1932 முதல் 1972 வரை கறுப்பின ஆண்களுக்கு மேகநோய்ச் சிகிச்சை தராமல் வேடிக்கை பார்த்த ஆய்வு அம்பலமான பிறகு, மனிதர்கள்மீது நடக்கும் ஆராய்ச்சிக்குக் கடுமையான விதிகள் வந்தன. பல்கலைக்கழக நெறிக்குழுவின் அனுமதிக்கு முன் சேகரித்த தகவலை ஆய்வேட்டில் சேர்க்க முடியாமல் போகலாம்.

இந்தியப் பக்கத்தில் ஐ.சி.எம்.ஆர். 2017இல் வெளியிட்ட நெறிமுறைகளின்படி உள்ளூர் நெறிக்குழு ஒன்றின் ஒப்புதலும், பதில் சொல்பவருக்குப் புரியும் தமிழில் சம்மதப் படிவமும் தேவை. வெளிநாட்டு நிதியோ கூட்டோ சேர்ந்தால் மத்திய சுகாதார அமைச்சகத்தின் பரிசீலனைக் குழுவுக்கும் கோப்பு போக நேரலாம். ஒவ்வொரு குழுவும் கூடும் நாள் வேறு. ஆகவே வழிகாட்டிப் பேராசிரியரிடம் தலைப்பைச் சொல்லும் அதே பருவத்தில் விண்ணப்பமும் போய்விட வேண்டும். ஊருக்கு டிக்கெட் போடுவது அதற்குப் பிறகுதான்.